வீட்டு விளையாட்டுக் கணினியும் இலவசக் காவலும்

ஆய்வில் இருக்கும் நண்பர்கள் அவ்வப்போது என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "வீட்டில் கேம் விளையாடுகிற கணினிதான் இருக்கிறது, அதற்கு எந்த இலவச ஆன்டிவைரஸ் நல்லது?" மொழியியல் படித்த என்னிடம் இதை ஏன் கேட்கிறார்கள் என்பது தனிக் கதை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விடை எழுதுவதைவிட, காரணங்களோடு ஒருமுறை விரிவாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 11 இயங்கும் வீட்டுக் கணினிக்கு எந்த இலவசப் பாதுகாப்பு மென்பொருளையும் புதிதாக நிறுவ வேண்டியதில்லை. இயங்குதளத்தோடு வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் போதும். ஆனால், வந்தது வந்தபடியே விட்டுவைத்தால் அது போதாது. இவ்விரண்டு கூற்றுகளில் முதலாவதை இன்று பலரும் ஏற்கின்றனர். இரண்டாவதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. இப்பதிவு பெரிதும் இரண்டாவதைப் பற்றியது.

இது கல்விப்புலம் சார்ந்த சிக்கலா என்று சிலர் வியக்கலாம். நம்மில் பலருக்கு வீட்டு விளையாட்டுக் கணினியே ஆய்வுக்கூடம் என்பதை ஏனோ நாம் வெளிப்படையாகப் பேசுவதில்லை. பிராட் மென்பொருளில் ஒலியலைகளைப் பகுப்பதற்கும், ஈலானில் காணொளிகளுக்கு வரிவரியாகக் குறிப்பெழுதுவதற்கும், மணிக்கணக்கான பதிவுகளை வடிவம் மாற்றுவதற்கும் ஓரளவு திறனுள்ள கணினி வேண்டும். உதவித்தொகையில் வாங்கிய எளிய மடிக்கணினி அதற்கு ஈடுகொடுப்பதில்லை. வீட்டில் தம்பிக்காக வாங்கிய, நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் பதினாறு ஜிபி நினைவகமும் உள்ள கணினியே கைகொடுக்கிறது. பகலில் அதில் ஆய்வு, இரவில் விளையாட்டு. ஒரே வன்தட்டில் ஒரு கோப்புறையில் களப்பணிப் பதிவுகள், பக்கத்துக் கோப்புறையில் துப்பாக்கிச் சண்டை. எங்கள் வீட்டு நிலைமை இதுதான். இதை வாசிக்கும் பலர் வீட்டிலும் இதுவாகவே இருக்கக்கூடும்.

அந்தப் பதிவுகள் யாருடையவை என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறக்குறைய 15 விழுக்காட்டினர். வங்காளத்திற்கும் இந்திக்கும் அடுத்த இடம் தமிழுக்கு. இலங்கையிலிருந்து திரும்பி வந்து கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்ந்த குடும்பங்களும் இதில் அடங்குவர். இத்தகைய மக்களின் பேச்சைப் பதிவுசெய்யும்போது சொற்களும் ஒலிகளும் மட்டும் பதிவாவதில்லை. நிலத்தகராறு, கடன், குடும்பப் பூசல், யாருக்கும் சொல்லாத துயரம் என எல்லாம் சேர்ந்தே பதிவாகின்றன. "உங்கள் குரல் ஆய்வுக்கு மட்டுமே பயன்படும்" என்று கூறித்தான் ஒப்புதல் பெறுகிறோம். அந்த வாக்குறுதி நிறைவேறுவதும் பொய்யாவதும் கடைசியில் தம்பியின் விளையாட்டுக் கணினியைப் பொறுத்திருக்கிறது.

இழப்பின் அளவையும் இத்தீவுகளே நமக்குக் கற்பித்திருக்கின்றன. 2010 சனவரியில் போவா சீனியர் என்னும் மூதாட்டி மறைந்தபோது அக்கா-போ மொழியின் கடைசிப் பேச்சாளரும் மறைந்தார். அம்மொழியை இன்று கேட்க விரும்பும் எவருக்கும் அன்விதா அப்பி போன்றோர் செய்துவைத்த பதிவுகளே துணை. எல்லா ஆய்வுத் தரவும் அத்தகைய அருமை உடையதன்று. எனினும், மீண்டும் சென்று பதிவுசெய்ய முடியாத ஒரு முதியவரின் குரலேனும் நம் ஒவ்வொருவரிடமும் இருக்கும்.

இனி, 'இலவசம்' என்னும் சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்னும் ஒரே சொல் விலையின்மையையும் விடுதலையையும் குறிப்பதால் அங்கே நெடுங்காலமாகக் குழப்பம் நிலவுகிறது. தமிழ் இந்த இடத்தில் நல்வாய்ப்புடையது. விலை கேட்காததை 'இலவச மென்பொருள்' என்கிறோம். மூலநிரலைப் படிக்கவும் மாற்றவும் பகிரவும் உரிமை தருவதைக் 'கட்டற்ற மென்பொருள்' என்கிறோம். 2011 முதல் தமிழ்நாட்டரசு மாணவர்க்கு மடிக்கணினி வழங்கியபோது, 'இலவச' என்பதைத் தவிர்த்து 'விலையில்லா' என்னும் அடைமொழியைப் பயன்படுத்தியது. பெறுவோரின் மதிப்பைக் காப்பதற்கான சொல்தேர்வு அது. பாதுகாப்பு மென்பொருள் விற்பனையாளர்களோ 'இலவசம்' என்பதை வேறொரு பொருளில் பயன்படுத்துகின்றனர்: பணத்தால் செலுத்தாததை வேறொன்றால் செலுத்துவாய் என்பதே அப்பொருள். அந்த 'வேறொன்று' எது என்று கேட்பதே தேர்வின் முதற்படி.

இதற்குக் கற்பனைச் சான்று தேவையில்லை. அவாஸ்ட் என்பது பிராகா நகரில் தோன்றிய, உலகெங்கும் பல கோடிக் கணினிகளில் இலவசமாக இயங்கிவந்த ஆன்டிவைரஸ். அதன் துணை நிறுவனமான ஜம்ப்ஷாட், பயனர்களின் இணைய உலாவல் தரவை விற்றுவந்ததை 2020 சனவரியில் இதழாளர்கள் வெளிப்படுத்தினர். உடனே ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. 2024 பிப்ரவரியில் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம், 2014 முதல் 2020 வரை நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு அத்தரவு விற்கப்பட்டதாகக் குற்றஞ்சாட்டி, 1.65 கோடி டாலர் செலுத்துமாறும், உலாவல் தரவை விளம்பர நோக்கில் இனி விற்கக் கூடாது என்றும் ஆணையிட்டது. ஆணையத்தின் கூற்றுகளைத் தாம் ஏற்கவில்லை என்று அறிவித்தபடியே நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. கண்காணிப்பிலிருந்து காப்பதாகச் சொல்லி நிறுவப்பட்ட ஒரு மென்பொருள் பற்றிய குற்றச்சாட்டு இது என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

"அவாஸ்ட் வேண்டாம், ஏவிஜி போடுகிறேன்; அதுவும் வேண்டாம் என்றால் அவிரா" என்பார் சிலர். ஏவிஜியை அவாஸ்ட் 2016இல் வாங்கியது. அவிராவை நார்ட்டன்லைஃப்லாக் வாங்கியது. 2022இல் அவாஸ்டும் நார்ட்டன்லைஃப்லாக்கும் ஒன்றிணைந்து ஜென் டிஜிட்டல் ஆயின. கடைத்தெருவில் நான்கு பெயர்ப்பலகைகள் தெரிகின்றன, கல்லாப்பெட்டி ஒன்றுதான். விளையாட்டுக் கணினி உடையோர் குறிப்பாக நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி இன்னொன்றும் உண்டு. 2021இல் நார்ட்டன் தன் பாதுகாப்புத் தொகுப்பிலேயே ஈத்தரியம் மின்பணம் அகழும் வசதியைச் சேர்த்தது. பயனர் இசைந்தால், கணினி ஓய்வாக இருக்கும்போது கிராஃபிக்ஸ் கார்டைக் கொண்டு மின்பணம் அகழ்ந்து, அதில் 15 விழுக்காட்டை நிறுவனம் கட்டணமாக எடுத்துக்கொள்ளும். அவிராவிலும் அவ்வாண்டே அத்தகைய வசதி வந்தது. இது சட்டப்படி தவறன்று. பயனரின் ஒப்புதலோடுதான் நடந்தது. ஆயினும், மறைவாக மின்பணம் அகழும் நச்சுநிரலைத் தடுக்கவேண்டிய காவலாளி தானே ஒரு சுரங்கக் குத்தகையோடு வாசலில் நின்றால், அவன் தொழில் எது என்று கேட்கத் தோன்றுகிறது.

என் துறை சார்ந்து எனக்கு மேலும் முக்கியமாகப் படுவது எச்சரிக்கை மொழி. எச்சரித்தல் என்பது ஒரு பேச்சுச்செயல். ஆஸ்டின் வழிவந்த பேச்சுச்செயல் கோட்பாட்டைப் படித்தவர்களுக்கு இது தெரிந்ததே: எச்சரிக்கை வெற்றிபெற வேண்டுமானால், சொல்பவர் உண்மையிலேயே ஆபத்தைக் கருதிச் சொல்கிறார் என்னும் நம்பிக்கை கேட்பவரிடம் இருக்க வேண்டும். இலவச ஆன்டிவைரஸ்கள் பல, விளம்பரத்தையும் எச்சரிக்கையின் வடிவிலேயே காட்டுகின்றன. அதே சிவப்பு நிறம், அதே முக்கோணம், "உங்கள் கணினியில் இத்தனைச் சிக்கல்கள்" என்னும் அதே தொனி. அழுத்திப் பார்த்தால், கட்டணப் பதிப்பை வாங்கும் பக்கம். இப்படிப் பத்து முறை நேர்ந்தபின், பதினோராம் முறை உண்மையான எச்சரிக்கை வந்தாலும் வீட்டார் அதை மூடிவிடுவர். புலி வருகிறது கதையைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. விளையாட்டின் நடுவே இடது கை விசைகளிலும் வலது கை எலியிலும் இருக்கும் பதினாறு வயதுப் பிள்ளை, திரையின் மூலையில் வருவதைப் படித்துப் பார்த்தா மூடுவான்?

இதில் மொழிச்சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. எங்கள் தீவுகளில் வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, கணினியில் ஆங்கிலம் என்பது இயல்பு நிலை. ஆங்கில எச்சரிக்கையைப் புரிந்துகொள்ளாத பெற்றோர், எந்தப் பொத்தான் பெரிதாக இருக்கிறதோ அதை அழுத்துகின்றனர். பெரிய பொத்தானாக இருப்பது பெரும்பாலும் விற்பனைப் பொத்தான். டிஃபெண்டர் இவ்வகையில் அதிகம் பேசாத காவலாளி. விண்டோஸின் இடைமுகத்தைத் தமிழுக்கு மாற்றிக்கொண்டால் அதன் அறிவிப்புகளில் பலவும் தமிழிலேயே வருகின்றன. குறைவாகப் பேசுவதும், பேசும்போது புரியும் மொழியில் பேசுவதும் பாதுகாப்பின் பகுதிகளே. மென்பொருள்களை ஒப்பிடும் பட்டியல்களில் இதற்கு மதிப்பெண் இல்லை.

"டிஃபெண்டர் உதவாது" என்னும் நாட்டுவழக்கு எங்கிருந்து வந்தது? அது ஆதாரமற்ற பேச்சன்று; காலாவதியான பேச்சு. 2009இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ், 2012 இறுதியில் ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் ஆய்வகச் சான்றிதழை இழந்தது. அக்காலத்தில் கணினி வாங்கியவர்கள் அந்த அறிவுரையைத் தம்பி தங்கையருக்குக் கையளித்தனர்; அவர்கள் இன்றும் அதையே சொல்கின்றனர். அதே ஏவி-டெஸ்ட், பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு எளிமை ஆகிய மூன்றுக்கும் தலா ஆறு என மொத்தம் 18 மதிப்பெண் வழங்குகிறது. அண்மை ஆண்டுகளில் டிஃபெண்டர் அதில் முழு மதிப்பெண்ணோ அதை ஒட்டியோ தொடர்ந்து பெற்றுவருகிறது. மொழிக்கு மட்டுமன்று, அறிவுரைக்கும் வரலாறு உண்டு. எந்த ஆண்டின் உண்மை என்று கேட்காமல் எதையும் ஏற்கலாகாது.

வேகத்தைப் பற்றிய அச்சமும் பாதி உண்மையே. ஆன்டிவைரஸ் பெரும்பாலும் கோப்பு திறக்கப்படும்போதும் எழுதப்படும்போதும்தான் வேலை செய்கிறது. ஆகவே, விளையாட்டை நிறுவும்போதும் தொடங்கும்போதும் சிறிது தாமதம் ஏற்படலாம். நினைவகத்தில் ஏறி ஓடத் தொடங்கியபின் வேறுபாடு பெரிதாகத் தெரிவதில்லை. விளையாட்டின் வேகத்தை உண்மையில் தொடுவது 'மெமரி இன்டெக்ரிட்டி' என்னும் வேறோர் அமைப்பு. வேகம் வேண்டுவோர் விளையாடும்போது அதை நிறுத்திக்கொள்ளலாம் என்று 2022இல் மைக்ரோசாஃப்டே குறிப்பு வெளியிட்டது. ஆய்வுத் தரவு இருக்கும் கணினியில் அதை நிறுத்த வேண்டாம் என்பது என் கருத்து. சில பிரேம்கள் குறைந்தால் தம்பி கோபித்துக்கொள்வான். அந்தக் கோபம் தாங்கக்கூடியதே.

இங்கே தீவுவாசிகளுக்கே உரிய ஒரு கேள்வி எழுகிறது. டிஃபெண்டரின் ஆற்றலில் பெரும்பகுதி மேகக்கணிமையில் இருக்கிறது. ஐயத்திற்குரிய கோப்பைப் பற்றி இணையத்தின் வழியே கேட்டறிந்து முடிவெடுக்கிறது. ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆய்வகம் இணைப்போடும் இணைப்பின்றியும் தனித்தனியே சோதிக்கிறது. இணைப்பில்லாதபோது டிஃபெண்டரின் கண்டறியும் திறன், போட்டியாளர் பலரைவிடக் குறைவாகவே பதிவாகி வந்துள்ளது. சென்னையில் இருப்பவருக்கு இது அடிக்குறிப்பு. எங்களுக்கு இது முதன்மைச் செய்தி. சென்னையிலிருந்து ஏறக்குறைய 2,300 கி.மீ. நீளமுள்ள கடலடி ஒளியிழைக் கம்பிவடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று செயல்பாட்டுக்கு வரும்வரை இத்தீவுகள் செயற்கைக்கோளையே நம்பியிருந்தன. அக்காலத்தில் படமும் பாட்டும் விளையாட்டும் கப்பலிலும் விமானத்திலும் வன்தட்டாக வந்து, பென் டிரைவ்களில் வீடுவீடாகப் பரவின. கம்பிவடம் வந்தபின்பும் அந்தப் பழக்கம் முழுதும் போய்விடவில்லை. கம்பிவடம் கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் வரை சென்றாலும், களப்பணி செய்யும் எல்லா ஊருக்கும் இணைப்பு செல்வதில்லை. இணையமில்லாத இடத்தில், யாரிடமிருந்தோ வந்த பென் டிரைவைச் செருகும் அந்த நொடியில்தான் டிஃபெண்டர் தன் வலுக்குறைந்த நிலையில் இருக்கிறது.

அப்படியானால் வேறொன்றை நிறுவலாமா? அதற்குமுன், ஆபத்து உண்மையில் எவ்வழியாக வருகிறது என்று பார்த்துவிடுவோம். 2021 சூனில் அவாஸ்ட் ஆய்வாளர்களே—அவர்கள் பணியில் நல்லதும் உண்டு—கிராக்கோனோஷ் என்னும் நச்சுநிரலைப் பற்றி அறிக்கை வெளியிட்டனர். ஜிடிஏ 5 போன்ற பெயர்பெற்ற விளையாட்டுகளின் திருட்டுப் பதிப்புகளுக்குள் ஒளிந்து வந்த அது 2,22,000க்கும் மேற்பட்ட கணினிகளில் புகுந்து, உரியவர் அறியாமல் மொனேரோ மின்பணம் அகழ்ந்தது. உள்ளே நுழைந்ததும் அது செய்த வேலைகளில் ஒன்று டிஃபெண்டரையும் பிற ஆன்டிவைரஸ்களையும் முடக்குவது. திருட்டு விளையாட்டை நிறுவும் குறிப்புகளில் "முதலில் ஆன்டிவைரஸை நிறுத்துக" என்று எழுதியிருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். காவலாளியை வீட்டுக்காரரே வெளியே அனுப்பிவிட்டபின், அவன் எந்த நிறுவனத்துக் காவலாளி என்பதில் என்ன வேறுபாடு இருக்கிறது?

முறையான கடையும் முழுக் காப்பு அன்று. 2025 பிப்ரவரியில் ஸ்டீம் தளத்தில் இலவசமாகக் கிடைத்த பைரேட்ஃபை என்னும் விளையாட்டில், உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும் உள்நுழைவுக் குறிகளையும் திருடும் நச்சுநிரல் இருந்தது தெரியவந்து அது நீக்கப்பட்டது. நிறுவியவர்கள் இயங்குதளத்தையே புதிதாக நிறுவுவது பற்றி எண்ணிப் பார்க்குமாறு ஸ்டீம் அறிவுறுத்தியது. விளையாட்டுகளின் ஏமாற்றுத் தடுப்பு நிரல்களும் தனி ஆபத்து உடையன. அவை இயங்குதளத்தின் கருவரை சென்று அமர்கின்றன. கென்ஷின் இம்பாக்ட் விளையாட்டின் அத்தகைய டிரைவர் ஒன்றைக் கொண்டே மீட்புப்பணம் கேட்கும் கும்பல் ஆன்டிவைரஸை முடக்கியதை 2022 ஆகஸ்டில் டிரெண்டு மைக்ரோ விவரித்தது. தாக்கப்பட்ட கணினியில் அவ்விளையாட்டு நிறுவப்பட்டிருக்க வேண்டிய தேவைகூட இருக்கவில்லை. பாதுகாப்பு மென்பொருளும் அதே கருவரையில்தான் அமர்கிறது. 2024 சூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பிழையான ஒரு புதுப்பிப்பு ஏறக்குறைய 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை நிறுத்தியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். கருவரைக்குள் எத்தனை பேரை விடுகிறோமோ அத்தனை வாசல்கள் திறக்கின்றன. இருப்பவரோடு இன்னொருவரைச் சேர்ப்பதற்குப் பெரிய காரணம் வேண்டும். இணைப்பில்லாதபோது சிறிது கூடுதல் திறன் என்பது வீட்டளவில் அத்தகைய காரணம் ஆகாது. அந்தக் குறையை வேறு வழியில் ஈடுசெய்யலாம்; கீழே சொல்கிறேன்.

எதிர்வாதங்களையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். இயங்குதளமும் காவலும் ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பது நல்லதா, மைக்ரோசாஃப்டும் தரவு திரட்டுகிறதே என்பது வலுவான கேள்வி. ஆனால், விண்டோஸைப் பயன்படுத்தும்வரை அந்தக் கண் நம்மேல் இருக்கத்தான் செய்யும். இன்னொரு நிறுவனத்தை அழைப்பது இரண்டாவது கண்ணைச் சேர்க்குமே தவிர முதற்கண்ணை மூடாது. காஸ்பர்ஸ்கி திறன்மிக்கது, இலவசப் பதிப்பும் உண்டு என்பர். 2024இல் அமெரிக்கா அதன் விற்பனையையும் புதுப்பிப்பையும் தடைசெய்தபோது, அந்நாட்டுப் பயனர் பலரின் கணினியில் அது அகன்று அல்ட்ராஏவி என்னும் வேறொரு மென்பொருள் தானாகவே வந்து அமர்ந்தது. அரசியலால் ஒரே இரவில் மாறக்கூடிய காவலைச் சார்ந்திருப்பதும் ஓர் இடர்தான். உள்நாட்டுத் தயாரிப்பு வேண்டும் எனில், 1991இல் தொடங்கிய சென்னை நிறுவனமான கே7 இருக்கிறது. புனேயின் குவிக் ஹீல் இருக்கிறது. அவற்றின் முழுக் காவல் கட்டணத்துக்குரியது. இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2017இல் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரத்தின் தளத்தில் இந்திய நிறுவனங்களின் நச்சுநீக்கக் கருவிகள் விலையின்றிக் கிடைக்கின்றன. ஆனால் அவை அழுக்கைக் கழுவும் கருவிகள், வாசற்காவல் அல்ல. கட்டற்ற மென்பொருளான கிளாம்ஏவி, விண்டோஸில் கேட்கும்போது தேடித்தருமே தவிர எந்நேரமும் காவல் நிற்காது. முழுவதும் லினக்ஸுக்கு மாறிவிடுவது கொள்கையளவில் எனக்கு மிகவும் உகந்த வழி. ஸ்டீம் விளையாட்டுகளில் கணிசமானவை இன்று புரோட்டான் வழியே அங்கே ஓடுகின்றன, வாலரண்ட் ஓடாது. தம்பி விளையாடுவது வாலரண்ட் என்றால் அந்த விவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

விண்டோஸ் 10 வைத்திருப்போருக்கு ஒரு சொல். அதற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. வீட்டுப் பயனர்க்கான நீட்டிப்பு 2026 அக்டோபர் வரை. அதில் பதிந்துகொள்ள வேண்டும். டிஃபெண்டருக்கான நச்சுநிரல் பட்டியல் 2028 வரை வந்துகொண்டிருக்கும் என்பதால் பலர் அமைதியாக இருக்கின்றனர். பட்டியல் புதிது, சுவரில் ஓட்டை பழையது. சுவரை அடைக்காமல் திருடர் படங்களை மட்டும் புதுப்பித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை.

இனி, செய்ய வேண்டியவை. எதற்கும் பணம் தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

1. விளையாட்டுக்குத் தனிப் பயனர் கணக்கு. அது நிர்வாகி உரிமை இல்லாத இயல்புக் கணக்காக இருக்கட்டும். நிர்வாகிக் கடவுச்சொல் ஆய்வு செய்பவரிடம் இருக்கட்டும். விளையாட்டுக் கணக்கில் ஓடும் சாதாரண நச்சுநிரல் உங்கள் கணக்கின் கோப்புகளைத் தொட முடியாது. என் மதிப்பில் எந்த ஆன்டிவைரஸைவிடவும் இந்த ஒரு செயல் மேலானது. புதிய விளையாட்டை நிறுவப் பல வேளைகளில் உங்களைக் கேட்க வேண்டியிருக்கும். அந்தக் கேள்வியே காவல்.

2. டிஃபெண்டரில் 'கட்டுப்படுத்தப்பட்ட கோப்புறை அணுகல்' என்னும் வசதி 2017 முதல் இருக்கிறது, இயல்பாக அணைந்திருக்கும். அதை இயக்கி, களப்பதிவுக் கோப்புறையைச் சேர்த்துவிடுங்கள். அனுமதியில்லாத நிரல் எதுவும் அங்கே எழுதவோ மாற்றவோ முடியாது. தொல்லை ஒன்று உண்டு: பல விளையாட்டுகள் தம் சேமிப்பை 'டாக்குமென்ட்ஸ்' கோப்புறையில் எழுதுவதால் அவையும் தடுக்கப்படும். அப்போது முழு வசதியையும் அணைத்துவிடாமல், அந்த விளையாட்டுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். ஈலானுக்கும் பிராட்டுக்கும் இதுபோலவே அனுமதி தர வேண்டியிருக்கலாம்.

3. 'டேம்பர் புரொடெக்‌ஷன்', மேகக்கணிமைக் காவல், வேண்டாத செயலிகளைத் தடுக்கும் அமைப்பு ஆகிய மூன்றும் இயங்குகின்றனவா எனப் பாருங்கள். "வேகத்துக்காக விளையாட்டுக் கோப்புறையைச் சோதனையிலிருந்து விலக்கு" என்னும் பரவலான அறிவுரையைக் கேட்க வேண்டாம். மாற்று நிரல்கள் வந்து இறங்கும் இடமும் அதுதான்.

4. பல்கலைக்கழக மின்னஞ்சல், வங்கி ஆகியவற்றின் கடவுச்சொற்களை விளையாட்டுக் கணக்கின் உலாவியில் சேமிக்காதீர்கள். இன்றைய திருட்டு நிரல்கள் முதலில் தேடிப்போவது உலாவியைத்தான்.

5. களத்திற்குப் புறப்படும் நாளன்று டிஃபெண்டரைப் புதுப்பியுங்கள். மைக்ரோசாஃப்ட் தளத்தில் நச்சுநிரல் பட்டியல் தனிக் கோப்பாகவும் கிடைக்கிறது. அதைப் பென் டிரைவில் எடுத்துச்சென்று இணையமில்லாத கணினியிலும் நிறுவலாம். பிறர் தரும் பென் டிரைவை இணைப்புள்ள ஊருக்குத் திரும்பும்வரை திறக்காதிருப்பது நல்லது. திறந்தே ஆக வேண்டுமெனில் முதலில் சோதியுங்கள். இணைப்பின்மைக்கு நான் மேலே சொன்ன ஈடு இதுவே.

6. ஒப்புதல் விதிகளுக்கு உட்பட்ட பதிவுகளை வெராகிரிப்ட் போன்ற கட்டற்ற மென்பொருளால் மறையாக்கம் செய்த பெட்டகத்தில் வைத்து, வேலை நேரத்தில் மட்டும் திறவுங்கள். மூடியிருக்கும்போது அதைத் திருடிச் செல்பவருக்குப் பொருளற்ற எண்களே கிட்டும்.

7. கடைசியாக, முதன்மையாகக் காப்புநகல். மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறிடத்தில் என்பது பழைய விதி. வன்தட்டை நகலெடுத்தபின் கழற்றி வையுங்கள். செருகியே இருக்கும் நகலை மீட்புப்பணம் கேட்பவன் சேர்த்துப் பூட்டிவிடுவான். உப்புக்காற்றும் ஈரமும் வன்தட்டுகளுக்கு ஆகாதவை என்பது தீவில் வாழ்வோருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 'வேறிடம்' என்பது பக்கத்துத் தெரு அன்று. 2004 டிசம்பர் 26ஐக் கண்ட தீவுகளில் எல்லா நகல்களையும் ஒரே கரையில் வைக்க யாருக்கும் மனம் வராது. ஒன்று மறையாக்கத்தோடு பெருநிலத்தில் இருக்கட்டும்.

இவ்வளவும் தனிமனிதர் செய்யக்கூடியவை. ஆனால், பொறுப்பு முழுவதையும் ஆய்வு மாணவரின் தலையில் ஏற்றிவிடுவது முறையன்று. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகம் மீட்புப்பணத் தாக்குதலுக்கு உள்ளானபோது, முனைவர்ப் பட்ட ஆய்வேடுகளுக்கான அதன் இணையச் சேவையும் நின்றுபோயிற்று. அத்தனை வளமுடைய நிறுவனமே அவ்வாறு முடங்கும் எனில், மாதந்தோறும் உதவித்தொகைக்குக் காத்திருக்கும் ஒருவரின் வீட்டுக் கணினி எம்மாத்திரம்? நம் ஆய்வு ஒழுங்குக் குழுக்களின் படிவங்கள் பலவற்றில், "தரவு பாதுகாப்பாக வைக்கப்படும்" என்னும் ஒரு வரி போதுமானதாகக் கருதப்படுகிறது. எந்தக் கணினியில், யாரோடு பகிர்ந்து, எத்தனை நகலோடு என்று யாரும் கேட்பதில்லை. பழங்குடியினர் பகுதிக்குள் ஆள் நுழைய 1956ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைப்படி அனுமதி வேண்டும். அங்கிருந்து முறைப்படி வந்த ஒரு குரல், வீட்டுக் கணினியிலிருந்து களவுபோனால் எந்த அனுமதியும் இன்றி உலகெங்கும் போகும். துறைதோறும் மறையாக்கம் செய்த இரு வன்தட்டுகள், பதிவுகளை ஏற்றுக்காக்கும் பல்கலைக்கழகக் களஞ்சியம், முதலாண்டு ஆய்வுநெறிப் பாடத்தில் அரைநாள் பயிற்சி ஆகியவற்றைக் கேட்பது பேராசை ஆகாது.

எந்த மென்பொருள் என்று கேட்டவர்களுக்கு இப்போது விடை சிறியதாகவே தெரியும். மென்பொருள் ஏற்கெனவே கணினியில் இருக்கிறது. இல்லாதவை தனிக் கணக்கும், கழற்றி வைத்த வன்தட்டும், திருட்டு விளையாட்டை மறுக்கும் உறுதியும். நம்மை நம்பிக் குரல் தந்தவர்களில் பெரும்பாலோருக்கு டிஃபெண்டர் என்றால் என்னவென்று தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை, நமக்கு இருக்கிறது.

மாற்றுக்கருத்து உடையோர், குறிப்பாக லினக்ஸில் களத்தரவைக் கையாளும் நண்பர்கள், தம் அனுபவத்தை எழுதினால் மகிழ்வேன்.